படி வைத்த கப்பல்

எங்கள் வீட்டில் தாத்தாவின் பொய்கள் என்று ஒரு வரிசை உண்டு. தேவனாம்பட்டினம் கடலில் ஆள் உயரத் திருக்கையை ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டது முதல் பொய். சிதம்பரம் தேரின் அச்சு முறிந்தபோது இவர் கொடுத்த யோசனையால்தான் தேர் நிலைக்கு வந்தது என்பது இரண்டாவது. மூன்றாவது, ரெட்ஹில்ஸ் ஏரியில் கப்பல் பறந்தது. முதல் இரண்டையும் உறவுக்காரர்கள் ஒரு புன்னகையோடு விட்டுவிடுவார்கள். மூன்றாவதுக்கு மட்டும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அத்தை யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் "ஆமா, ரெட்ஹில்ஸ் கப்பல்தான்" என்பாள்.

தாத்தா கடலூர் முதுநகரில் ஓடாவி. படகு கட்டுகிற தச்சருக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். இருபது வயதில் மதராஸுக்கு வேலைக்குப் போனவர், 1942 ஏப்ரலில் ஊரோடு சேர்ந்து ஓடி வந்தார். அடுத்த வருஷம் யாரோ மேஸ்திரி கூப்பிட்டு மறுபடியும் போனார். இந்தத் தடவை துறைமுகம் இல்லை, ஏரி. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு மரப்படகுகள் பழுது பார்க்கும் வேலை. அங்கேதான் பார்த்தாராம்.

"ஏரோப்பிளேன்தான்டா. ஆனா வயிறு கப்பல். தண்ணியில வந்து உக்காரும். சக்கரம் மாட்டிக் கரைக்கு இழுப்பாங்க. அப்ப அடியில பாத்தா ஒரு படி இருக்கும். வீட்டு வாசப்படி மாதிரி, நடுவுல வெட்டின படி. எந்த ஓடாவியும் அப்படிப் பலகை வைக்கமாட்டான். தண்ணி இழுத்து நிறுத்திப்புடும்ல? இவனுங்க வெச்சிருந்தானுங்க."

இன்னொன்றும் சொல்வார். காற்றே இல்லாமல் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தால், அந்தக் கப்பல் இறங்குவதற்கு முன்னால் மோட்டார் போட்டை இப்படியும் அப்படியும் ஓட்டித் தண்ணீரைக் கலைத்து விடுவார்களாம். நாங்கள் பையன்கள் இதற்குத்தான் அதிகம் சிரிப்போம். அலை அடித்தால் படகுக்குக் கஷ்டம் என்று தெரியும். அலை இல்லாவிட்டால் கஷ்டமா?

2003இல் தாத்தா இறந்தார். நான் அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, வழக்கம்போல மென்பொருள் வேலைக்குச் சென்னை வந்து, கப்பலை மறந்துவிட்டேன். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, புழல் ஏரி சுருங்கிப்போன செயற்கைக்கோள் படங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றின. எங்கள் அடுக்ககத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை லாரி. அந்த எரிச்சலில், ராத்திரி இரண்டு மணிக்கு, புழல் ஏரியின் சரித்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ரெட்ஹில்ஸும் புழலும் ஒரே ஏரிதான் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வந்தது அந்த வரி: இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளம்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன்.

*

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். 2020இல் குஜராத்தில் சபர்மதியிலிருந்து படேல் சிலைக்கு விட்டார்களே, அது பறக்கும் படகு இல்லை. சாதாரண விமானத்துக்குச் சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகளைக் கட்டியது. பறக்கும் படகில் உடலே படகு. அதன்மேல் இறக்கையும் இன்ஜினும். தாத்தா "வயிறு கப்பல்" என்றது துல்லியமான வரையறை.

ஏன் அப்படி ஒன்றைக் கட்டினார்கள்? விமானம் பெரிதாக ஆக, மேலே எழும்ப நீளமான ஓட்டம் வேண்டும். 1930களில் உலகத்தில் நீளமான, கனம் தாங்குகிற ஓடுபாதைகள் மிகக் குறைவு. ஆனால் தண்ணீர் எங்கும் இருந்தது. ஒரு மைல் ஓட வேண்டுமா, ஓடிக்கொள்ளலாம். கடற்படையையும் துறைமுகங்களையும் நம்பியே பேரரசு நடத்திய ஒரு நாட்டுக்கு இது இயல்பாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

இப்போது படி. வேகமாகப் போகிற படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டுத் தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்க ஆரம்பிக்கும். ஆனால் அதன் பின்பகுதி வளைந்து மேலே போகிறது அல்லவா, அந்த வளைவைத் தண்ணீர் விடாது. சமையலறையில் குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரில் கரண்டியின் முதுகை லேசாகக் காட்டிப் பாருங்கள். தள்ளிவிடும் என்றுதான் நினைப்போம். உள்ளே இழுக்கும். பறக்கும் படகையும் தண்ணீர் இப்படித்தான் பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை குதிரைத்திறன் கொடுத்தாலும். அதற்கு வைத்தியம், அடிப்பகுதியில் குறுக்காக ஒரு படி வெட்டுவது. வேகத்தில் தண்ணீர் அந்தப் படியின் விளிம்போடு பிரிந்துவிடும், பின்னால் காற்று புகும், பிடி விடும். தாத்தா சொன்னதும் சரிதான். மெதுவாகப் போகிற மீன்பிடிப் படகுக்கு அந்தப் படி வெறும் தொல்லை. பறக்க வேண்டிய படகுக்கு அது இல்லாமல் முடியாது.

கண்ணாடித் தண்ணீரும் உண்மை. அலை இல்லாத நீர்ப்பரப்பில் ஆகாயம் அப்படியே தெரியும். தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று விமானிக்குக் கண் சொல்லாது. எழும்பும்போதும் சிற்றலை இருந்தால் அடியில் காற்றுப் புகுந்து சீக்கிரம் விடுபடும். அதனால் மோட்டார் போட்டை விட்டு ஏரியைக் கலைப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். எட்டாம் வகுப்பு தாண்டாத ஒரு ஆள், நேரில் பார்க்காமல், இந்த இரண்டையும் கற்பனை செய்திருக்கவே முடியாது. நாங்கள்தான் இரண்டு தலைமுறையாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

*

இந்தப் படியை ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜான் போர்ட் என்கிற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. முதல் உலகப்போரில் ஃபீலிக்ஸ்டோ என்ற கடலோர ஊரில், அமெரிக்கக் கர்ட்டிஸ் படகுகளை வாங்கி, அடிப்பகுதியை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். அதிலிருந்து வந்த ஃபீலிக்ஸ்டோ வகைப் படகுகள் வட கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடின. போர் முடிந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. 1921இல் செம்பில் பிரபு தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஜப்பானுக்குப் போய், அவர்கள் கடற்படைக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஃபீலிக்ஸ்டோ எஃப்.5 படகுகளையும் கொடுத்து, அங்கேயே கட்டவும் பழக்கினார்கள். கவனிஷி என்ற ஜப்பானிய நிறுவனம் பிறகு லண்டன் பக்கத்து ஷார்ட் பிரதர்ஸ் கம்பெனியின் உதவியோடு அடுத்த படகை உருவாக்கியது. இருபது வருஷம் கழித்து, 1942இல், அந்தமானைப் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேர் விரிகுடாவிலிருந்து வங்கக் கடலை வேவு பார்த்தவை கவனிஷி பறக்கும் படகுகள். சொந்தக் கோடை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் அவனோடு போட்டி போட்ட கதை.

ஷார்ட் பிரதர்ஸ் என்றதும் பயணிகள் படகைச் சொல்லாமல் போக முடியாது. இம்பீரியல் ஏர்வேஸ் 1929இல் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்கு விமான சேவை தொடங்கியபோது, மத்தியதரைக் கடலைத் தாண்ட மட்டும்தான் பறக்கும் படகு. மற்றபடி தரைவிமானமும் ரயிலும் மாறி மாறி. பிறகு, பேரரசுக்குள் கடிதம் முழுக்க விமானத்திலேயே போக வேண்டும் என்று ஒரு பெரிய தபால் திட்டம் வந்தது. அதற்காக ஷார்ட் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் ஆர்தர் கூஜ் வரைந்ததுதான் 'எம்பயர்' படகு. நான்கு இன்ஜின், இரண்டு தளம், பயணிகள் எழுந்து நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நைல் நதியை வேடிக்கை பார்க்க ஓர் உலாவும் அறை. முதல் படகான 'கனோபஸ்' 1936 ஜூலையில்தான் பறந்தது. அதற்கு முன்பே, வரைபடத்தை மட்டும் நம்பி, 28 படகுகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். எங்கள் தொழிலில் டெஸ்ட் பண்ணாமல் நேரே புரொடக்‌ஷனில் போடுவது என்போம். எங்களுக்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. கூஜுக்கு வேலை செய்தது.

1938இல் இந்தப் படகுகள் சௌத்தாம்ப்டனிலிருந்து சிட்னி வரை போய்க்கொண்டிருந்தன. இந்தியாவில் கராச்சி, ராஜஸ்தானின் ராஜசமந்த் ஏரி, குவாலியர் பக்கத்து நீர்த்தேக்கம், அலகாபாத், கல்கத்தா. வரைபடத்தில் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். தெற்கே ஒன்றுமே இல்லை. நமக்கு வந்த கடிதங்கள் கராச்சியில் இறங்கி, டாட்டாவின் சின்னத் தரைவிமானங்களில் பம்பாய் வழியாக மதராஸ் வந்தன. 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கிவைத்த வழி அது. கடலூர் வக்கீலின் மகன் லண்டனிலிருந்து எழுதிய கடிதம் பாதி தூரம் மிதந்தும் பாதி தூரம் உருண்டும் வந்திருக்கும்.

*

தெற்கே பறக்கும் படகைக் கொண்டுவந்தது பயம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 23இல் அந்தமான். இலங்கையின் தென்முனையில், காலிக்கு அருகே, கொக்கலை என்கிற களப்பில் பிரிட்டிஷார் பறக்கும் படகுகளை நிறுத்தியிருந்தார்கள். தளத்துக்காக அந்தக் கிராமத்து மக்களை அவசர அவசரமாக வெளியேற்றினார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த வீடு அங்கே தப்பி நின்ற சிலவற்றில் ஒன்று. ஏப்ரல் தொடக்கத்தில் கனடாவின் 413ஆம் படைப்பிரிவு கேட்டலினா படகுகளோடு அங்கே வந்து சேர்ந்தது. கேட்டலினா அமெரிக்கத் தயாரிப்பு. மெதுவாகத்தான் போகும், மணிக்கு 200 கி.மீ. பக்கம். ஆனால் இருபது மணி நேரம் ஆகாயத்திலேயே கிடக்கும். வேவுக்கு வேகம் எதற்கு?

ஏப்ரல் 4ஆம் தேதி, வந்து இறங்கி இரண்டே நாளில், லெனார்ட் பிர்ச்சல் என்ற விமானி இலங்கைக்குத் தெற்கே நாள் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்புகிற நேரத்தில் தொடுவானத்தில் புள்ளிகளைப் பார்த்தார். கிட்டப் போனார். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள். செய்தியைத் தந்தியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூன்று பேர் செத்தார்கள். மற்றவர்களைத் தண்ணீரிலிருந்து ஜப்பானியரே தூக்கி, போர் முடியும் வரை சிறையில் வைத்தார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது, ஆனால் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை அதற்குள் வெளியேறியிருந்தன. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றைக்கும் ஒரு கேட்டலினாதான் முதலில் கண்டது. அதில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை.

பிர்ச்சலுக்கு 'இலங்கையைக் காத்தவர்' என்று பட்டம். கொஞ்சம் பெரிய பட்டம்தான். ஜப்பானியர் வந்தது அடிக்க, இறங்க இல்லை. ஆனால் அது யாருக்கும் அன்றைக்குத் தெரியாது. முக்கியமாக மதராஸுக்குத் தெரியாது. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் சில நாளில் மூழ்கின. மதராஸ் அரசு அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டார்கள். எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் கூரையில் உட்கார்ந்து விழுப்புரம் வரை வந்ததாகத் தாத்தா சொல்வார். இது அவருடைய பொய்ப் பட்டியலில் இல்லை. ஏனென்றால் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கதை இருந்தது.

அந்த ஏப்ரலுக்குப் பிறகுதான் ரெட்ஹில்ஸ். எங்கள் கரையில் நல்ல இயற்கைத் துறைமுகம் கிடையாது. இது பழைய தலைவலி. 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேய ஹ்யூஸும் மோதியபோதும், கப்பலைச் செப்பனிட சஃப்ரனுக்குத் திருகோணமலைதான் கதி. எங்கள் கரையில் அலை நேராக வந்து மோதும். மரக்கப்பலே நிற்க முடியாத இடத்தில் பறக்கும் படகு எப்படி நிற்கும்? அதனால் கரையிலிருந்து சற்று உள்ளே, நகரத்தின் குடிநீர் ஏரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். 1942 நடுவிலிருந்து 240ஆம் படைப்பிரிவின் கேட்டலினாக்கள் அங்கே இருந்தன. எங்கள் வீராணம் ஏரியைவிட இது சின்னது. சோழர் வெட்டிய வீராணம் பதினாறு கிலோமீட்டர் நீளம், ஓடுவதற்கு எவ்வளவு வசதி என்று எனக்கு ஒரு மாவட்டப் பாசம் வரும். ஆனால் காட்டுமன்னார்கோயிலுக்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோவதைவிட மதராஸுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். கோடையில் வீராணத்தில் மாடு மேயும் என்பதும் ஒன்று.

ரெட்ஹில்ஸிலிருந்து அந்தமான் சுமார் 1,400 கி.மீ. கேட்டலினாவுக்குப் போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம். வேலையில் பெரும்பகுதி வெறும் தண்ணீரைப் பார்ப்பது. கப்பல் கூட்டங்களுக்குக் காவல், நீர்மூழ்கியைத் தேடுவது, கடலில் விழுந்தவர்களை மீட்பது. 1944இல் 628ஆம் படைப்பிரிவு என்று ஒன்றை அங்கேயே உருவாக்கினார்கள், ஆறே மாதம்தான் இருந்தது. அது இரகசிய வேலைகளுக்கான விமானங்களிலிருந்து பிரிந்து வந்த பிரிவு. இருட்டில் எதிரிக் கரையோரம் இறங்கி ஆட்களை விடுவது, எடுப்பது. பறக்கும் படகுக்கு மட்டுமே முடிகிற வேலை. சென்னை குடிக்கிற தண்ணீரிலிருந்து ஒற்றர்கள் கிளம்பியிருக்கிறார்கள்!

கொக்கலையில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் போனதால் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே தொடர்பு அறுந்துவிட்டது. 1943 நடுவிலிருந்து குவாண்டாஸ் விமானிகள் ஐந்து கேட்டலினாக்களைக் கொண்டு பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே இந்துமாக் கடலை ஒரே தாவலில் கடந்தார்கள். சுமார் 5,600 கி.மீ. எதிரி கேட்பான் என்று ரேடியோவை வாய் திறக்காமல், நட்சத்திரத்தைப் பார்த்தே வழி. எரிபொருளின் கனத்தால் மூன்று பயணிகள், சுமார் 70 கிலோ தபால், அவ்வளவுதான். 27 முதல் 33 மணி நேரம் வரை ஆகும் என்பதால் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம். 'இரட்டை உதயம்' என்றே அதற்குப் பெயர். 271 தடவை கடந்தார்கள். ஒன்றுகூட விபத்தில் போகவில்லை. நம் ஆட்கள் சிலர் பெங்களூர் பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு நாள் லீவு போடுகிறார்கள்.

எம்பயர் படகின் போர்க்கால உடன்பிறப்பு சண்டர்லேண்ட். அதே ஷார்ட், அதே கூஜ், இயந்திரத் துப்பாக்கி சேர்த்தது. 1944 ஜூனில் 230ஆம் படைப்பிரிவின் இரண்டு சண்டர்லேண்டுகள் பிரம்மபுத்திராவிலிருந்து கிளம்பி, மலைத்தொடரைத் தாண்டி, பர்மாவில் ஜப்பானியருக்குப் பின்னால் இருந்த இந்தாஜி ஏரியில் இறங்கின. மழைக்காலம். காயமும் காய்ச்சலுமாகக் கிடந்த சிண்டிட் வீரர்களில் ஐந்நூறு பேருக்கும் மேல் அவை தூக்கி வந்தன. கடலுக்கென்று கட்டிய படகு, கடலே தெரியாத இடத்தில் செய்த நல்ல காரியம். பறக்கும் படகுகளின் மொத்தச் சரித்திரத்திலும் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இதுதான். வேவும் குண்டும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். 1948இல் பெர்லின் முற்றுகையின்போது ஹாவெல் ஏரியில் சண்டர்லேண்ட் இறக்கியது உப்பு. சாதாரண விமானத்தை உப்பு அரித்துவிடும். கடல் தண்ணீருக்கென்று தயாரான உடம்பு அதைத் தாங்கியது.

*

அப்படியிருந்தும் ஏன் செத்தது? பதில் கடலூரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் கிடக்கிறது. உளுந்தூர்பேட்டை அருகே, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், அதே போருக்காக ஒரு ஓடுபாதை போட்டார்கள். சோழவரத்தில் ஒன்று. பிற்பாடு கார் பந்தயம் நடந்ததே, அது. உலகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில். தண்ணீரை நம்பியதற்கு ஒரே காரணம் ஓடுபாதை இல்லாததுதான். போர் அந்தக் காரணத்தையே அழித்துவிட்டது. சிமென்ட் இருக்கும்போது, காற்றை எதிர்க்கிற கனமான படகு வயிற்றைச் சுமந்துகொண்டு எதற்குப் பறக்க வேண்டும்? மிதக்கிற கட்டை இடித்தால் அடி கிழியும், இரவில் இறங்க விளக்குப் படகு வேண்டும், கரையேற்ற இருபது பேர் வேண்டும். பி.ஓ.ஏ.சி. 1950இல் தன் கடைசிப் பறக்கும் படகை நிறுத்தியது. சாண்டர்ஸ்-ரோ கம்பெனி 1952இல் 'பிரின்சஸ்' என்று பத்து இன்ஜின் வைத்த ராட்சதப் படகு ஒன்றைப் பறக்கவிட்டது. வாங்க ஆளில்லை. விமானப்படையின் கடைசி சண்டர்லேண்டுகள் 1959இல் சிங்கப்பூரில் ஓய்வு பெற்றன. நல்ல டெக்னாலஜி மோசமாகிச் சாவது அபூர்வம். அது தீர்த்துவைத்த பிரச்சினை ஒரு நாள் காணாமல் போய்விடும்.

உளுந்தூர்பேட்டை ஓடுபாதையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வெடிப்புகளில் புல். தூரத்தில் ஆடுகள். அங்கிருந்து கடலூர் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பில் கேட்டலினாவின் அடிப்பகுதிப் படத்தைக் காட்டினேன். வயிற்றின் குறுக்கே, சந்தேகமே இல்லாமல், படி. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தண்ணி இழுக்கும்னு அப்பா சொல்வாரே, அது?"

"அது இழுக்காம இருக்கத்தான் அத்தை படி."

நம்பின மாதிரி தெரியவில்லை. சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து, குழம்புக் கரண்டியின் முதுகை நீட்டிக் காட்டினேன். கரண்டி தண்ணீருக்குள் போய் ஒட்டிக்கொண்டது. அவள் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை, மூன்று தடவை செய்து பார்த்தாள்.

"சரிடா, கரண்டி இழுக்குது. குழாயை மூடு, வீணாப் போவுது" என்றாள். மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள், "அந்தத் திருக்கை மீனைப் பத்தியும் பாரேன்."